கர்ப்பப்பை வாய் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்து தூக்கம் போன தங்கைக்கு

கேள்வி கேட்டவருக்கு வயது 38. ஊர் வலங்கைமான் பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் போகிறார்களே என்று முழு உடல் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது: பாப் ஸ்மியர் நார்மல், ஹெச்.பி.வி. பாசிட்டிவ். போன் செய்து கேட்டதற்கு, “அது செக்ஸ் மூலமா பரவுற வைரஸ்ங்க, டாக்டரைப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தட்டு, துண்டு, சோப்பு எல்லாம் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு கேன்சரா? அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டாரா? சொன்னால் என்னைச் சந்தேகப்படுவாரா? பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ளுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ரிப்போர்ட் உங்களுக்கு கேன்சர் என்று சொல்லவில்லை. பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாயில் லேசாகச் சுரண்டி எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. அது நார்மல் என்றால், பார்த்த செல்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். ஹெச்.பி.வி. பரிசோதனை பார்ப்பது வேறு விஷயம். அந்த இடத்தில் ஒரு வைரஸ் இன்றைக்கு இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். உங்களுக்கு இருக்கிறது என்று வந்திருக்கிறது. அது வந்து எதையும் கெடுக்கவில்லை என்று மேல் வரியில் எழுதியிருக்கிறது. இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள். பயத்தில் இருக்கும்போது கண் ஒரு வரியில்தான் போய் நிற்கும்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக 30 வருடத்துக்கு மேல் தஞ்சாவூர் மாவட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதிக் காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மீதி ஆஸ்பத்திரியில். இந்தப் பரிசோதனைக்கு வந்த பெண்களோடு நிறைய நாள் இருந்திருக்கிறேன். அதனால் வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்கள் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இருநூறுக்கும் மேற்பட்ட வகை உண்டு. கையிலும் காலிலும் மரு வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்து வேலைதான். கர்ப்பப்பை வாயைக் கெடுக்கக்கூடியவை என்று பதினான்கு வகையைச் சொல்கிறார்கள். அதில் 16, 18 என்ற இரண்டு மட்டும் கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹௌசன் 1983-லும் 1984-லும் இந்த இரண்டையும் கண்டுபிடித்தார், அதற்காக 2008-ல் நோபல் பரிசு வாங்கினார். தாம்பத்திய உறவு உள்ள ஆணோ பெண்ணோ, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கிவிட்டாலும் கேன்சராக மாற பொதுவாக 15, 20 வருடம் ஆகும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு, முக்கியமாக சிகிச்சை எடுக்காத ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, இந்தக் கெடு குறையும். நடுவில் பிடித்துவிட்டால் கேன்சராகாமலே தடுத்துவிடலாம். அதற்காகத்தான் இந்தப் பரிசோதனையே.

சரி, இதைத்தான் டாக்டரும் சொல்வார், கூகுளும் சொல்லும். படித்தும் இருப்பீர்கள். இருந்தும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, இல்லையா? நீங்கள் கேட்ட நான்கு கேள்வியில் ஒன்றுதான் உடம்பைப் பற்றியது. மற்ற மூன்றும் வீட்டைப் பற்றியவை. உடம்புக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் வீட்டுக் கேள்வி தூங்க விடாது.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். 2007-ல் உலக வங்கி உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில், கர்ப்பப்பை வாய் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்க இரண்டு மாவட்டங்களை எடுத்தார்கள். ஒன்று தேனி, இன்னொன்று நம் தஞ்சாவூர். அப்போது வைரஸ் பரிசோதனை கிடையாது. அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து கர்ப்பப்பை வாயில் வைப்போம், கிட்டத்தட்ட வினிகர் மாதிரிதான். ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். நடவு வேலை ஓய்ந்த நாளில் கூட்டமாக வருவார்கள். நகக்கண்ணில் சேற்றுக் கறை போயிருக்காது, சீவி முடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். படுக்க வைத்து டார்ச் அடித்து, அந்த ஒரு நிமிஷம் எண்ணும்போது, மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கேட்பார்கள்: “என்னம்மா தெரியுது? புத்துநோயா?”

வெள்ளைத் திட்டு தெரிந்தால் சொல்வோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அழுவார்கள். பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று புலம்புவார்கள். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு பெண்கூட என்னிடம் “இது யாரால வந்துச்சு” என்று கேட்டதில்லை. வெள்ளைத் திட்டு அவளுடைய உடம்பில் இருக்கும் ஒரு திட்டு, அவ்வளவுதான்.

வைரஸ் பரிசோதனை வந்த பிறகு முதல் கேள்வியே மாறிவிட்டது. திட்டு உடம்பில் வரும். கிருமி என்றால் யாரிடமிருந்தோதானே வர வேண்டும்? அந்த “யாரிடமிருந்தோ” என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் படுக்கையறை வரை போய்விடுகிறது.

இதில் ‘பாசிட்டிவ்’ என்ற வார்த்தை வேறு. நம் காதில் அந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பாசிட்டிவ் என்றால் தப்பு செய்தவன் என்று அன்றே மனதில் பதிந்துவிட்டது. பிறகு கொரோனா வந்தது. பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், தெருவே ஒதுங்கிப் போனது. இப்போது உங்கள் செல்போனில் அதே வார்த்தை. போதாததற்கு ஹெச்.பி.வி., ஹெச்.ஐ.வி. என்று பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை, தங்கச்சி. வேறு வைரஸ், வேறு நோய். நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளே முதல் வருடத்தில் குழப்பிக்கொள்வார்கள்.

இந்த வார்த்தையை நானே ஒருமுறை தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு முகாமில் கூட்டம் அதிகம், வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நேரமாகிறது என்ற அவசரத்தில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டு, “உங்களுக்கு பாசிட்டிவ், நீங்க அந்தப் பெஞ்சுல உட்காருங்க” என்று சொன்னேன். அவர் எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அங்கே ஏற்கெனவே இருந்த இருவர் புடவையை இழுத்துக்கொண்டு தள்ளி நகர்ந்தார்கள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவர் குனிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுபரிசோதனைக்கு அவர் வரவில்லை. நானே வீடு தேடிப் போய் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார். அதற்குப் பிறகு எந்த முடிவையும் கதவைச் சாத்தாமல் நான் சொன்னதில்லை.

உங்கள் விஷயத்தில் போனில் நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார்கள். விட்ட மீதியைத்தான் மூன்று வாரமாக உங்கள் மனமே எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்த மீதி இதுதான். இந்த வைரஸ் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. போன மாதம் வந்ததாகவும் இருக்கலாம், கல்யாணமான வருடமே வந்து சத்தமில்லாமல் கிடந்ததாகவும் இருக்கலாம். பல வருடம் பரிசோதனையில்கூட அகப்படாமல் அடங்கிக் கிடந்துவிட்டு, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது திரும்பத் தெரிய வருவதும் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வருகிறது. ஆணுக்கு இருக்கிறதா என்று பார்க்க வழக்கத்தில் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால் அவரைக் கூட்டிவந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது. மேட்டூரைத் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகு, வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து இது எந்த மதகு வழியாக எந்தக் கிழமை வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? தண்ணீர் நிற்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். உங்கள் ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்கிறது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இந்தத் தாளை வைத்து அவர் துரோகம் செய்தார் என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இது அதற்கான சாட்சியே இல்லை. அவர் மேல் உங்களுக்கு வேறு காரணத்தால் சந்தேகம் இருந்தால் அது வேறு பேச்சு, அதை அந்தக் காரணத்தை வைத்துப் பேசுங்கள். நேற்றுவரை நம்பிக்கையோடு வாழ்ந்திருந்தால், இன்று அதை மாற்றிக்கொள்ள இந்தத் தாளில் எதுவும் இல்லை.

திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். ரேஷன் கார்டு கவருக்குள் ரிப்போர்ட்டை நாலாக மடித்து, அதை மஞ்சள் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை, நிலைக்கதவை ஒட்டி நின்றார். கூட வந்த மருமகளை வெளியே போகச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவரு போயி பதினோரு வருஷம் ஆச்சும்மா. எனக்கு எப்படி இது வரும்? டாக்டரம்மா ஒண்ணும் கேட்கலை. ஆனா மனசுல கேட்டிருப்பாங்கல்ல?”

நான் மேலே எழுதியதைத்தான் அவருக்கும் சொன்னேன். அடங்கிக் கிடந்தது இப்போது தெரிகிறது, நீங்கள் எதுவும் செய்ததால் வந்ததில்லை என்றேன். மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தார். “அப்ப அவரு குடுத்துட்டுப் போனதா?” என்றார். இருக்கலாம், அவருக்கே தெரிந்திருக்காது, ஆம்பிளைங்களுக்குப் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாவம், அவருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல” என்றார். பையை எடுத்துக்கொண்டு, மருமகளைக் கூப்பிட்டு, அடுத்த பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று அவள் முன்னாலேயே கேட்டார். வரும்போது மறைத்தவர் போகும்போது மறைக்கவில்லை.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் வருகிற கூச்சம் என்று நினைக்காதீர்கள். லண்டனில் வழக்கமான பரிசோதனைக்கு வந்த பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தும் ஹெச்.பி.வி. பாசிட்டிவ் வந்தவர்கள், அதாவது சரியாக உங்கள் நிலையில் இருந்தவர்கள், வைரஸ் இல்லாதவர்களைவிட அதிகப் பதற்றத்தில் இருந்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, தன் தாம்பத்திய உறவைப் பற்றிய எண்ணமே கசந்து போயிருந்தது. வைரஸ் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. அங்கே மாமியார் இல்லை, தெருப்பேச்சு இல்லை, ஆனாலும் அப்படி. அதே வருடங்களில் இங்கிலாந்தில் நடந்த வேறொரு ஆய்வில், பாசிட்டிவ் வந்தவர்களின் பதற்றம் ஆறு மாதத்தில் மற்றவர்கள் அளவுக்குத் தணிந்திருந்தது. பெண்கள் தாங்களாகவே தேறி வந்துவிடுகிறார்கள். நல்லபடியாக விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது.

இனி, வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா? சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லாமல் இருப்பது ஏமாற்றுவதும் ஆகாது. ஏனென்றால் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை: பரிசோதனை இல்லை, மருந்து இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகச் சுமப்பது உங்களைத்தான் தின்னும். அவர் நிதானமானவர், கேட்டுக்கொள்வார் என்றால் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. எடுத்ததும் கை ஓங்குகிறவர், குடித்துவிட்டுப் பேசுகிறவர் என்றால் இப்போது வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் முன்னால் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

சொல்வதென்றால், ரிப்போர்ட்டை முதலில் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள். அவர் தங்கும் அறையில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், வேலைக்கு நடுவில் பார்த்துவிட்டு கூகுளில் தேடுவார், உங்களுக்கு நடந்ததெல்லாம் அவருக்கும் நடக்கும். அவருக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, இங்கே எட்டு மணி என்றால் அங்கே பத்தரை, கணக்குப் பார்த்துக் கூப்பிடுங்கள். இப்படித் தொடங்கலாம்: “என்னங்க, செக்கப்ல கேன்சர் எதுவும் இல்லை. ஆனா ஒரு வைரஸ் இருக்குன்னு வந்திருக்கு. பெரும்பாலானவங்களுக்கு வந்து தானாப் போயிடுமாம். உங்ககிட்ட இருந்து எனக்கா, என்கிட்ட இருந்து உங்களுக்கா, எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். நான் உங்களைக் கேட்கலை, நீங்களும் என்னைக் கேட்காதீங்க. ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் பார்க்கணும், அப்ப கூட இருக்க முடியுமான்னு பாருங்க.” முதல் வாக்கியத்தில் கேன்சர் இல்லை என்று வந்துவிட வேண்டும், அதை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதை உங்கள் வாய்க்கு வருகிறபடி சொல்லிக்கொள்ளுங்கள். அத்தையிடமோ நாத்தனாரிடமோ சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அவர் ஊருக்கு வரும்போது ஒதுங்கிப் படுக்கவும் வேண்டாம். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கிற விஷயம் இது. ஆணுறை ஓரளவு தடுக்கும், முழுதாகத் தடுக்காது. தோலோடு தோல் படுவதால் பரவுகிற வைரஸ் இது.

அந்தத் தட்டையும் துண்டையும் இன்றைக்கே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். சாப்பிடுவதால், ஒரே சொம்பில் குடிப்பதால், குளியலறையால், பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்குவதால் கர்ப்பப்பை வாய்க்கு இந்த வைரஸ் போகாது. பெண்ணை முத்தம் கொஞ்சாமல் மூன்று வாரம் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் தாங்கவில்லை. அவளுக்கு ஏன் என்றே தெரிந்திருக்காது. அப்புறம், உடம்பு அசுத்தமாகிவிட்டது என்று நினைத்து உள்ளே சோப்பு போட்டு, டெட்டால் ஊற்றிக் கழுவுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது வைரஸை ஒன்றும் செய்யாது, எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம்.

இன்னொரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பயத்தில் இருக்கிற பெண்ணிடம் யாராவது வந்து, “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே எதுக்கு அது, கர்ப்பப்பையை எடுத்துடுங்க, நிம்மதியா இருக்கலாம்” என்று சொல்வார்கள். சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சில இடத்தில் ஆஸ்பத்திரியிலேயும் சொல்வார்கள். பாப் நார்மலாக இருந்து வைரஸ் மட்டும் இருப்பதற்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே இல்லை. செல்களில் மாற்றம் வந்தால்கூட முதலில் கால்போஸ்கோப்பி என்ற கருவியால் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதித்து, அந்த இடத்தை மட்டும் சூடு வைத்தோ லீப் என்ற முறையில் வெட்டியோ எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பயத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நாற்பது வயதில் இடுப்பு வலியோடு வயலுக்குப் போகும் பெண்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். அதேபோல, வைரஸைக் கொல்லும் மாத்திரை என்று யார் எதை எழுதிக் கொடுத்தாலும் காசைக் கொடுக்காதீர்கள். வைரஸுக்கு என்று மருந்து இல்லை, அது செய்கிற மாற்றத்துக்குத்தான் சிகிச்சை.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது 16, 18 வகையா, மற்ற வகையா? ரிப்போர்ட்டில் அது இல்லை என்றால் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு வாங்குங்கள். 16 அல்லது 18 என்றால், பாப் நார்மலாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோப்பி செய்துவிடுவார்கள். அப்படிச் சொன்னால் பதறாதீர்கள், பார்ப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். மற்ற வகை என்றால் பொதுவாக ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வருடம்கூடக் காத்திருக்கலாம் என்கிறது. இடையில் உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது இருந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

இந்த ஒரு வருடம்தான் கஷ்டம். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்வா என்கிறார்களே என்று கோபம் வரும். ஒரு பெண் என்னிடம், “மருந்து குடுத்திருந்தா முழுங்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்” என்றார். அந்தத் தவிப்பு நியாயமானது. காத்திருப்பது என்றால் எதுவும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் உடம்புக்கு அதை விரட்ட நேரம் கொடுக்கிறார்கள். தேவையில்லாத வெட்டும் சூடும் இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். மறுபரிசோதனைத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு தினமும் எண்ணாதீர்கள். காலண்டரில் குறித்துவிட்டு, மனதிலிருந்து இறக்கிவிடுங்கள். எங்கள் நிலையத்தில் பெண்களுக்கு ஆடிப்பெருக்கு, பொங்கல் என்று பண்டிகையோடு சேர்த்துச் சொல்வோம். “அடுத்த ஆடிப்பெருக்கு கழிஞ்ச வாரம் வாங்க” என்றால் தேதியை மறந்தவர்களும் வந்துவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், 104 சுகாதார உதவி எண்ணுக்கோ, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை, பெயர் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை.

இவ்வளவு மனக்கஷ்டம் தருகிற பரிசோதனை எதற்கு, பழைய மாதிரியே பார்த்துவிட்டுப் போகலாமே என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை, பரிசோதனை வேண்டும். மகாராஷ்டிராவில் உஸ்மனாபாத் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து புற்றுநோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் சங்கரநாராயணன் குழு செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்த கிராமங்களில், கர்ப்பப்பை வாய் புற்றுநோயால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தார்கள். நம் திண்டுக்கல்லில் அதே குழு அசிட்டிக் அமில முறையில் செய்த ஆய்வில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இரண்டுமே பெரிய விஷயம்தான். உஸ்மனாபாத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அங்கே பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ். எல்லாம் நம்மைப் போல வயல் வேலை பார்க்கிற, குடும்பம் நடத்துகிற பெண்கள். உங்கள் தெருவில் முப்பது வீடு இருந்தால் மூன்று வீட்டில் இதே தாள் வந்திருக்கக்கூடும். அவர்கள் பரிசோதனைக்குப் போகவில்லை, அதனால் தெரியவில்லை.

நான் கேட்பதெல்லாம் பரிசோதனைக்கு முன்னால் இரண்டு நிமிஷம். குச்சியை உள்ளே விடுவதற்கு முன்னால், அந்தப் பெண்ணை உட்கார வைத்து, “இதுல ஒரு வைரஸைப் பார்க்கப்போறோம், பத்துல ஒருத்தருக்கு இருக்கும், இருந்தா கேன்சர்னு அர்த்தம் இல்லை, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு இது சொல்லாது” என்று நாலு வாக்கியம் சொன்னால் போதும். ரிப்போர்ட் வரும் அன்று அவள் தரையில் விழ மாட்டாள். முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்களைப் போல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் பெண்கள் மறுபரிசோதனைக்கே வராமல் போய்விடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். நீங்கள் கட்டாயம் போக வேண்டும், தங்கச்சி.

கடைசியாக உங்கள் பெண். அவளுக்கு உங்களிடமிருந்து ஒட்டாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் மிக நல்ல பலன் தரும், அவளுக்கு இப்போது 12. இந்தியாவிலேயே தயாராகும் சர்வாவேக் உட்பட இரண்டு மூன்று வகை கிடைக்கிறது. இந்த வயதில் இரண்டு ஊசி என்பது வழக்கம், ஒன்றே போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கேளுங்கள், அங்கே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். எதற்கு இந்த ஊசி என்று அவள் கேட்டால், பெரியவளானதும் கர்ப்பப்பைக்கு வரக்கூடிய ஒரு நோயைத் தடுக்க என்று நேராகவே சொல்லுங்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.